காலணாவுக்கு எழுந்த நகரம்: கல்கத்தா டிராம் வரலாறு

நகரங்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் ஆளுநர்களைப் பற்றி எழுதுவர்; கோட்டைகளையும் மாளிகைகளையும் பற்றி எழுதுவர். அம்மாளிகைகளைக் கட்டிய கொத்தனும், அவற்றில் அமர்ந்து கணக்கெழுதிய குமாஸ்தாவும் காலையில் எவ்வாறு வேலைக்குப் போயினர், மாலையில் எவ்வாறு வீடு திரும்பினர் என்பதை எழுதியோர் மிகச் சிலர். இருப்புப்பாதை அலுவலகத்தில் எழுத்து வேலை பார்க்கும் எளியேன், நம் சங்க மலரில் டிராம் வண்டியின் வரலாற்றை எழுதத் துணிந்ததற்கு இதுவே காரணம். இந்நகரம் 2001-ஆம் ஆண்டில் கொல்கத்தா எனப் பெயர் மாற்றம் பெற்றது. எனினும் நம் வீடுகளில் இன்னும் கல்கத்தா என்றே வழங்குவதால், அவ்வழக்கையே ஈண்டும் கைக்கொள்கிறேன்.

1873-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 24-ஆம் நாள், சியால்டாவிலிருந்து ஹூக்ளிக் கரையிலுள்ள ஆர்மீனியன் துறை வரையில், குதிரைகள் இழுத்த முதல் டிராம் ஓடிற்று. தொலைவு இரண்டரை மைலுக்குச் சற்றுக் குறைவு. சியால்டாவோ கிழக்கு வங்க இருப்புப்பாதையின் முனை. ஆற்றுத் துறையோ வாணிகத்தின் வாயில். இவ்விரண்டையும் இணைத்தால் வருவாய் பெருகும் என எண்ணினர். எண்ணம் பலிக்கவில்லை. நட்டம் தாளாது அவ்வாண்டு நவம்பர் 20-ஆம் நாளிலேயே வண்டி நின்றது. ஒன்பது திங்கள்கூட நிறையவில்லை.

மீண்டும் 1880-இல், லண்டனில் பதிவு பெற்ற கல்கத்தா டிராம்வே கம்பெனி இம்முயற்சியை மேற்கொண்டது. அவ்வாண்டு நவம்பர் முதல் நாளில் வைசிராய் ரிப்பன் பிரபு புதிய பாதையைத் தொடங்கி வைத்தார். 1882-இல் நீராவி இயந்திரங்களைப் பூட்டியும் பார்த்தனர். அந்நூற்றாண்டு முடியுங்கால் கம்பெனியிடம் 166 வண்டிகளும், ஆயிரம் குதிரைகளும், ஏழு நீராவி இயந்திரங்களும், 19 மைல் பாதையும் இருந்தன. ஆயிரம் குதிரைகளுக்குத் தீனியும் தண்ணீரும் லாயமும் வேண்டும். வங்காளத்துச் சித்திரை வெயிலில் அவை சுருண்டு விழுந்தால் மாற்றுக் குதிரையும் வேண்டும். மின்சாரத்தின் வரவால் முதலில் விடுதலை பெற்றவை அக்குதிரைகளே எனலாம்.

1902-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 27-ஆம் நாள் எஸ்பிளனேடிலிருந்து கிதிர்பூருக்கு மின்சார டிராம் ஓடிற்று. ஜூன் 14-ஆம் நாள் காளிகட்டத்துக்கும் ஓடிற்று. அதுகாறும் மீட்டர் அகலத்தில் இருந்த பாதையைப் பெயர்த்து நான்கடி எட்டரை அங்குல அகலத்தில் புதிதாக அமைத்தனர். பாதையின் அகலத்தை மாற்றுவது எத்துணைப் பெரிய வேலை என்பதை எம் துறையினர் நன்கறிவர். நகரின் நடுவே, மக்கள் நடமாட்டத்துக்கிடையே, சில ஆண்டுகளில் அதனைச் செய்து முடித்தது வியப்புக்குரியதே.

ஈண்டு ஒன்றைச் சொல்லாமல் மேற்செல்ல மனம் ஒப்பவில்லை. ஆசியாவிலேயே முதன்முதல் மின்சார டிராம் ஓடியது கல்கத்தாவில்தான் என இந்நகரத்துப் பலரும் பெருமையுடன் எழுதுகின்றனர். அது பிழை. சப்பான் நாட்டின் கியோட்டோ நகரில் 1895 பிப்ரவரியிலேயே ஓடிற்று. அவ்வாண்டு மே 7-ஆம் நாள் நம் சென்னையில் ஓடிற்று. கல்கத்தாவுக்கு ஏழாண்டு முன்னரே சென்னை மின்சார டிராமைக் கண்டது. இந்திய நாட்டில் அதுவே முதல். சென்னையில் தொடக்கத்தில் சாலையில் வெட்டிய பள்ளத்தினுள் மின்கம்பியை ஓட்டிப் பார்த்து, பின்னர் மேல்நிலைக் கம்பிக்கு மாறினர். வங்க நண்பர்களிடம் இதைச் சொன்னால் முதலில் நம்ப மறுக்கின்றனர். ஆண்டுக் கணக்கைக் காட்டியபின், “முதலில் தொடங்கியது நீங்கள், கடைசிவரை காத்தது நாங்கள்” என்கின்றனர். அதற்கு மறுமொழி சொல்ல என்னால் இயலவில்லை.

அவர்கள் சொல்வது உண்மை. கான்பூரில் 1907-இல் தொடங்கிய மின்சார டிராம் 1933-இல் நின்றது. சென்னையில் 1953-இல் நின்றது. டில்லியில் 1908-இல் தொடங்கியது 1963-இல் நின்றது. பம்பாயில் 1874-இல் குதிரை டிராமாகத் தொடங்கி, 1907-இல் மின்சாரம் பெற்று, 1920 முதல் மாடி வைத்த டிராமும் கண்டு, 1964 மார்ச்சு 31-ஆம் நாள் இரவு போரிபந்தரிலிருந்து தாதருக்குச் சென்ற வண்டியோடு அடங்கிற்று. இருபத்தோராம் நூற்றாண்டைக் கண்டது கல்கத்தா டிராம் ஒன்றே.

டிராம் சென்ற வழியே நகரமும் வளர்ந்தது. அலுவலகங்கள் டல்ஹௌசிச் சதுக்கத்தைச் சுற்றி இருந்தன. ஆங்கே குடியிருக்கச் சிறு சம்பளக்காரனால் ஆகாது. டிராம் தெற்கே நீண்டபின்னரே காளிகட்டம், பாலிகஞ்சு, டாலிகஞ்சுப் பகுதிகளில் வாடகைக்கு வீடு எடுத்து, நாள்தோறும் அலுவலகம் சென்று மீள்வது எளிதாயிற்று. லேக் மார்க்கெட்டைச் சுற்றித் தென்னாட்டார் குடியேறிய வரலாற்றில், ராஸ்பிகாரி அவென்யூ வழியே ஓடிய டிராமுக்கும் ஒரு பங்குண்டு. காய்கறிக் கூடைக்காரியும், பள்ளிச் சிறுவனும், பென்ஷன் வாங்கச் செல்லும் முதியவரும் அதில் ஒருங்கே ஏறினர். முன்வண்டி முதல் வகுப்பு, மின்விசிறி உண்டு. பின்வண்டி இரண்டாம் வகுப்பு. விசிறி இல்லை, கட்டணம் குறைவு. இப்பின்வண்டியே நகரின் பெருஞ்சரித்திரம் ஒன்றுக்கு வித்தாயிற்று.

1953-ஆம் ஆண்டு இந்நாட்டு நகரப் போக்குவரத்தின் வரலாற்றில் மறக்கலாகாத ஆண்டு. ஏப்ரல் 12-ஆம் நாள் சென்னையில் டிராம் நின்றது. கம்பெனி நட்டத்தில் மூழ்கியது. 58 ஆண்டுப் பணி முடிந்தது. அதே ஆண்டு ஜூலை முதல் நாள், கல்கத்தாவில் இரண்டாம் வகுப்புக் கட்டணத்தைக் கம்பெனி ஒரு பைசா உயர்த்திற்று. பழைய கணக்கில் ரூபாய்க்கு 64 பைசா. நம் வழக்கிற் சொன்னால் காலணா. காலணாவில் என்ன இருக்கிறது என்று இன்று கேட்கத் தோன்றும். நாட்டுப் பிரிவினையால் வீடிழந்து வந்தோர் பல்லாயிரவர் நகரிலும் புறநகரிலும் நிறைந்திருந்த காலம் அது. வேலையில்லாதோர் பெருகியிருந்த காலம். நாளுக்கு இருமுறை, திங்களுக்கு இருபத்தாறு நாள் என்று கணக்கிட்டால், காலணா பதின்மூன்று அணா ஆகின்றது. ஒரு வீட்டில் இருவர் வேலைக்குச் சென்றால் ஒன்றரை ரூபாயைத் தாண்டும். இக்கணக்கைப் போட்டுப் பார்த்தவர்கள் அரசியல்வாதிகள் மட்டுமல்லர். வீட்டுச் செலவை எழுதிவைத்த தாய்மாரும் ஆவர்.

ஹேமந்த குமார் பாசு தலைமையில் எதிர்ப்புக் குழு ஒன்று அமைந்தது. ஜோதி பாசு முதலிய இடதுசாரித் தலைவர்கள் அதில் முன்னின்றனர். முதல் நாட்களில் பயணிகள் செய்த செயல் மிக எளியது: வண்டியில் ஏறினர், பழைய கட்டணத்தை நீட்டினர், புதிய கட்டணத்தைக் கொடுக்க மறுத்தனர். பின்னர் டிராமில் ஏறுவதையே விட்டு நடந்தனர். வெற்று வண்டிகள் மணியடித்துக்கொண்டு ஓடின. அரசு 144 தடையுத்தரவு போட்டது. தலைவர்களையும் தொண்டர்களையும் சிறையிலடைத்தது. கிளர்ச்சி முற்றியபோது வண்டிகள் எரிந்தன. போலீசார் துப்பாக்கிச் சூடு நடத்தினர். ஜூலை 22-ஆம் நாள் மைதானத்தில் செய்தி திரட்ட வந்த பத்திரிகையாளரும் போலீசாரால் தாக்கப்பட்டபோது நகரமே கொதித்தது. திங்கள் முடியுமுன் கட்டண உயர்வு நிறுத்தி வைக்கப்பட்டது.

வண்டிகளை எரித்ததை நான் போற்றவில்லை. பொதுமக்களின் வண்டியைப் பொதுமக்களே எரிப்பது தன் கூரையில் தானே தீ வைப்பதற்கு ஒப்பாகும். ஆனால் அக்கிளர்ச்சியின் உட்பொருள் வேறு. நகரில் ஓரிடத்திலிருந்து மற்றோரிடம் செல்வது கம்பெனியின் கருணையன்று. அது குடிமகனின் உரிமை. அவ்வுரிமைக்கு விலை வைக்குங்கால், அவ்விலையைக் கொடுக்கவேண்டிய ஏழையைக் கேட்டே வைக்க வேண்டும். இதனை இந்திய நகரம் ஒன்று தெருவில் இறங்கிச் சொன்னது அப்போதுதான். 2021 மே முதல் நம் தமிழ்நாட்டில் சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிச் செல்கின்றனர். அதற்கு முன்னரே 2019-இல் டில்லியிலும், பின்னர் 2023-இல் கருநாடகத்திலும் இத்தகைய ஏற்பாடு வந்தது. இவற்றைப் பற்றிப் பேசுவோர் காலணாப் போரையும் சேர்த்து எண்ணிப் பார்த்தல் நன்று.

டிராமின் புகழை மட்டும் பாடி விட்டால் நடுநிலை தவறியவனாவேன். 1954 அக்டோபர் 14-ஆம் நாள், தேசப்பிரிய பூங்காவின் அருகே, வங்கத்தின் பெருங்கவிஞர் ஜீவனானந்த தாஸ் டிராம் வண்டியில் அடிபட்டார். எட்டு நாள் கழித்து 22-ஆம் நாள் மருத்துவமனையில் உயிர் நீத்தார். அப்பூங்காவைக் கடந்து நம்மவர் பலர் நாள்தோறும் காய்கறி வாங்கச் செல்கின்றனர். இரும்புச் சக்கரம் எளிதில் நிற்பதில்லை. மெதுவாகச் செல்லும் வண்டியாயினும், சாலையில் நடப்பவனுக்கு இடம் வகுத்துத் தராத நகரில் அதுவும் உயிரைக் குடிக்கும்.

கம்பெனியின் நிருவாகத்தை 1967-இல் மாநில அரசு எடுத்துக்கொண்டது. 1976-இல் உடைமையையும் கையகப்படுத்தியது. அதன் பின்னர் வளர்ச்சி வரும் என எதிர்பார்த்தனர். வந்தது தேய்வு. ஹௌராப் பக்கத்துப் பாதைகள் 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளிலேயே மூடப்பட்டன. 1943-இல் ஹௌராப் பாலம் திறந்தபோது அதன்மேல் முதலிற் சென்ற வண்டி டிராம்தான். பாலத்தின் பாரத்தைக் குறைக்க வேண்டுமென 1993-இல் அதே டிராமை இறக்கிவிட்டனர். மோட்டார்களின் பாரத்தைப் பற்றி அப்போது அவ்வளவு கவலை எழவில்லை. 1984 அக்டோபர் 24-ஆம் நாள் எஸ்பிளனேடுக்கும் பவானிபூருக்கும் இடையே சுரங்க ரயில் ஓடிற்று. நாட்டிலேயே முதல் சுரங்க ரயில் அது. அதன் பயனை நான் குறைத்துச் சொல்லேன். ஆனால் சுரங்கம் தோண்டிய ஆண்டுகளில் மேலே பெயர்த்த தண்டவாளங்கள் எல்லாம் திரும்பி வரவில்லை.

எல்லாவற்றினும் பெரிய தீங்கு, ஒருவரும் தீங்கென்று எண்ணாமலே செய்யப்பட்டது. அகன்ற தெருக்களின் நடுவே டிராமுக்கென்றே தனிப்பாதை இருந்தது. புல்லும் மரமும் அதன் இருமருங்கும் நின்றன. மோட்டார்கள் அதில் ஏறமாட்டா. பிற்காலத்தில், தெருவை அகலப்படுத்துகிறோம் என்று அத்தனிப்பாதைகளைக் காறையிட்டு மூடி, மோட்டார்களுக்குத் திறந்துவிட்டனர். அன்றே டிராமின் கால் முறிந்தது. முன்னே மோட்டார் நின்றால் பின்னே டிராம் நிற்க வேண்டும். விலகிச் செல்ல அதற்கு வழியில்லை. இருப்புப்பாதைத் தொழிலில் நாங்கள் முதலிற் கற்பது, பாதை தெளிவாயிருந்தாலன்றி வண்டியை விடலாகாது என்பதே. பாதையில் நாலாயிரம் மோட்டாரை விட்டுவிட்டு, டிராம் மெதுவாகச் செல்கிறது, நெரிசலை உண்டாக்குகிறது என்று குறை கூறுவது, காலைக் கட்டிவிட்டு ஓடவில்லையே என்று அடிப்பது போன்றது. அதுமட்டுமன்று. முன்பு பயணி நடுத்திட்டில் நின்று அச்சமின்றி ஏறினார். இப்போது ஓரத்திலிருந்து இரண்டு வரிசை மோட்டார்களுக்கு இடையே கையை நீட்டிக்கொண்டு ஓடி நடுத்தெருவுக்குச் சென்று ஏறவேண்டியதாயிற்று. முதியோரும், கைக்குழந்தை ஏந்தியவரும் டிராமைக் கைவிட்டது இதனாலேதான். பின்னர், ஆளில்லை என்று வண்டியைக் குறைத்தனர். வண்டி குறைந்ததால் ஆளும் குறைந்தனர்.

இஃது ஒரு நகரத்து டிராமின் கதை மட்டுமன்று. 2006-இல் இந்திய அரசு வெளியிட்ட தேசிய நகரப் போக்குவரத்துக் கொள்கை, வண்டிகளை அன்று, மனிதர்களைக் கொண்டு செல்வதே நோக்கம் எனத் தெளிவாகக் கூறுகின்றது. டிராம் ஒன்று நிற்கும் இடத்தில் நான்கு மோட்டார்கள் நிற்கலாம். டிராமில் நூறு பேர் செல்வர். நான்கு மோட்டார்களில் பெரும்பாலும் ஆறேழு பேரே செல்வர். இக்கணக்குக்குப் பட்டம் வேண்டுவதில்லை. இருந்தும் 2013-இல் இந்நகரில் 174 சாலைகளில் சைக்கிள் செல்லத் தடை விதித்தனர். பால்காரனும் செய்தித்தாள் போடுபவனும் சைக்கிளை விட்டால் எதில் செல்வர்? புகையும் ஓசையும் இல்லாத வண்டி எதுவோ, ஏழை செல்லும் வண்டி எதுவோ, அதுவே முதலில் தெருவிலிருந்து தள்ளப்படுகின்றது.

நடப்பவன் நிலையோ இன்னும் இரங்கத்தக்கது. அரசின் கணக்குப்படி 2022-இல் நாட்டில் சாலை விபத்துக்களில் இறந்தோர் 1,68,491 பேர். அவருள் நடந்து சென்றவர் 32,825 பேர். நாளொன்றுக்குத் தொண்ணூறு பேர். அவர்கள் செய்த குற்றம் வண்டி வாங்காததே. சாலைப் பாதுகாப்புக்காக 2012-இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தவர், கோயம்புத்தூரைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் ஆவார். முறிந்த எலும்புகளைச் சேர்த்துச் சேர்த்து, முறியாமற் காக்கும் வழியை நாடிச் சென்றவர் அவர். அவ்வழக்கில்தான் 2025 மே திங்களில் உச்ச நீதிமன்றம், இடையூறற்ற நடைபாதை என்பது அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவில் அடங்கிய உயிர்வாழும் உரிமையின் ஒரு கூறு என்றும், அந்நடைபாதை உடற்குறையுடையோர்க்கும் ஏற்றதாக இருத்தல் வேண்டும் என்றும் கூறிற்று. தமிழர் ஒருவர் தொடுத்த வழக்கு நாடு முழுவதற்கும் பயன்பட்டது நமக்குப் பெருமையே. அத்தீர்ப்பை வைத்துப் பார்த்தால், கல்கத்தா டிராமுக்கும் ஒரு குறை உண்டு: சக்கர நாற்காலியில் வருவோர் அதன் படிகளில் ஏற இயலாது. தாழ்ந்த தளமுடைய வண்டிகள் உலகெங்கும் ஓடுகின்றன; பழைய வண்டியின் குறை, டிராம் என்னும் முறையின் குறை ஆகாது.

டிராம் பழமை, அதனை அருங்காட்சிக் கூடத்துக்கு அனுப்பலாம் என்போர்க்குப் பிரான்சு நாட்டைச் சுட்டுவேன். பாரிசு நகரம் 1930-களில் தன் டிராம்களை எல்லாம் ஒழித்தது. நாந்து நகரம் 1985-இல் டிராமை மீண்டும் கொணர்ந்தது. பாரிசுப் பகுதியும் 1992-இல் கொணர்ந்தது. ஒழித்ததைத் திரும்ப அமைக்கச் செலவிட்ட பொருள் கொஞ்சமன்று. கல்கத்தாவுக்கு அந்தச் செலவின் பெரும்பகுதி மிச்சம்; தண்டவாளம் பலவிடத்தில் தெருவிலேயே கிடக்கின்றது.

ஆனால் 2024 செப்டம்பரில் மாநில அரசு, எஸ்பிளனேடுக்கும் மைதானுக்கும் இடையே பழம்பெருமைச் சின்னமாக ஒரு பாதையை மட்டும் வைத்துக்கொண்டு ஏனையவற்றை மூடப்போவதாக அறிவித்தது. 150-ஆம் ஆண்டு நிறைவைக் கொண்டாடி ஒன்றரை ஆண்டுக்குச் சற்றுமேல்தான் ஆகியிருந்தது. இதற்கு முன்னரே டிராமைக் காக்க வேண்டி வழக்குகள் உயர்நீதிமன்றத்துக்குச் சென்றிருந்தன. நம் தமிழ்நாட்டவரான டி. எஸ். சிவஞானம் தலைமை நீதிபதியாக இருந்தபோது, அவர் தலைமையிலான அமர்வு டிராமை மீட்பதற்கான வழிவகைகளை ஆராயக் குழு அமைக்கச் செய்தது. தண்டவாளங்களின்மேல் தார் ஊற்றி மூடலாகாது என்றும் கூறிற்று. சுற்றுலா வருவோர் ஏறிப் படம் பிடித்துக்கொள்ளும் டிராம் வேறு. அலுவலகம் செல்வோர் ஏறும் டிராம் வேறு. முன்னதைக் காத்துப் பின்னதை ஒழிப்பதை நான் காப்பு என்று சொல்லமாட்டேன்.

கிதிர்பூர்ப் பாதையை எடுத்துக்கொள்வோம். 1902-இல் முதல் மின்சார வண்டி சென்றது இதில்தான். கார்டன் ரீச்சு அலுவலகங்களுக்குச் செல்லும் எம்மனோர் பலர் கிதிர்பூர் வரையில் இவ்வண்டியில் சென்று, அங்கிருந்து பஸ் ஏறி வந்தோம். மைதானத்தின் புல்வெளியினூடே, மரநிழலில், தனக்கென்று உள்ள பாதையில் அது சென்றது. வழியின் பெரும்பகுதியில் மோட்டாருக்கு அதனால் இடையூறு இல்லை, மோட்டாரால் அதற்கும் இல்லை. 2020 மே 20-ஆம் நாள் அடித்த அம்பன் புயலில் மரங்கள் சாய்ந்து மேல்கம்பிகள் அறுந்தன. ஏனைய சில பாதைகளில் வண்டிகள் மீண்டும் ஓடின, இப்பாதையில் ஓடவில்லை. நெரிசல் என்ற குற்றச்சாட்டை இதன்மேல் எவரும் சுமத்த இயலாது. இதற்கு வேண்டுவன கம்பியும், பழுதுபார்த்த சில வண்டிகளும், சுரங்க ரயில் வேலைக்காகத் தோண்டிய இடங்களில் மீண்டும் இடவேண்டிய தண்டவாளமுமே. நகரின் ஏனைய பாதைகளைப் பற்றி முடிவெடுக்குமுன் அரசு இவ்வொன்றை ஓராண்டு ஓட்டிப் பார்த்து, காலையும் மாலையும் ஏறும் ஆட்களை எண்ணட்டும். எண்ணும் வேலைக்கு ஆள் வேண்டுமாயின், இருப்புப்பாதை அலுவலகத்துக் குமாஸ்தாக்கள் நாங்கள் விடுமுறை நாளிலும் வருவோம்.